வட்டை விதானையும் ஏழாம் இலக்கத் தலையும்

வினாயகமூர்த்தி பிறந்தது: 09.03.1949
மருதடி வட்டையின் விதானையானது: 02.10.1978
வட்டையின் பரப்பு: 212 ஏக்கர்
பயிர் செய்வோர்: 64 பேர்
தம்பி ஜெயந்தன் கடைசியாகக் காணப்பட்டது: 27.06.1990
மழை, 18.12.2004: 187.4 மில்லிமீற்றர்
கரை உடைந்து எலும்பு கண்டது: 19.12.2004
தலைகள்: 11
எடுத்துச் செல்லப்பட்ட பற்கள்: 6
எச்சில் கொடுத்தோர்: 9
நாங்கள் அனுப்பிய கடிதங்கள்: 14
எங்களுக்கு வந்தவை: 3

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் மருதடி வட்டையும் ஒன்று. ஒரே வாய்க்காலை நம்பிக் கிடக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு வட்டை. ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு விதானை. வேலி அடைக்காதவனை ஏசுவது, கட்டாக்காலி மாட்டைப் பிடித்துக் கட்டுவது, யாருக்கு எப்போது தண்ணீர் என்று தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மருதடி வட்டைக்கு வினாயகமூர்த்தி விதானையான நாளில் இருந்து அவரை நான் அறிவேன். குளத்தின் நீர்மட்டத்தையும் மழையையும் குறித்துவைப்பது என் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் குறிக்கிறேன். வட்டையின் விவசாயிகள் சங்கத்துக்கும் நானே செயலாளர்.

வினாயகமூர்த்தியிடம் மணிக்கூடு இருந்ததில்லை. கோடை விதைப்பான சிறுபோகத்தில் தண்ணீர் குறையும்போது அவர் நேரத்தை வெற்றிலையால் அளந்தார். ஓர் ஏக்கருக்கு இரண்டு வாய் வெற்றிலை. ஒரு வாய் போட்டு மென்று, சக்கையைத் துப்பும் வரை மடை திறந்திருக்கும். துப்பினால் மூடவேண்டும். நான் இருபத்து மூன்று தடவை என் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். சராசரி பதினொரு நிமிடம் இருபது வினாடி. கூடியும் குறைந்தும் நாற்பது வினாடிக்கு மேல் போனதில்லை. சிறுபோகத்தில் நாற்பத்தெட்டு ஏக்கர் விதைப்பார்கள். ஆக தொண்ணூற்றாறு வாய், பதினெட்டு மணி எட்டு நிமிடம். இரண்டு நாளில் முடிப்பார். மூன்றாம் நாள் கஞ்சி மட்டும் குடிப்பார்.

"விதானை, என்ட வயலுக்கு மட்டும் கெதியா மெல்லுறீங்க," என்று ஒருவர் ஒருமுறை முறையிட்டார்.

"உன்ட வெத்திலை காரம், மனே. நாளைக்கு நல்ல வெத்திலை கொண்டு வா, அதே நேரந்தான் மெல்லுவன்."

ஒருவர் தண்ணீரை இன்னொருவருக்கு அவர் விட்டதாக முப்பது வருடத்தில் ஒரு முறைப்பாடும் என் கோப்பில் இல்லை.

அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. அவருடைய தம்பி ஜெயந்தன் 1990இல் உழவு மெசினுக்கு ஒரு சாமான் வாங்கச் சைக்கிளில் டவுனுக்குப் போனவன். வயது இருபத்து நான்கு. சைக்கிளும் வரவில்லை. அவனுக்கு வட்டையில் ஒன்றரை ஏக்கர் இருந்தது. தண்ணீர் முறைப் பட்டியலில் ஏழாவது பெயர் அவனுடையது. ஒவ்வொரு வருடமும் மாரி விதைப்பான பெரும்போகத்துக்கு முன்னால் கூட்டம் வைத்து நான் அறுபத்து நான்கு பெயரையும் வாசிப்பேன். "ஜெயந்தன்" என்றதும் வினாயகமூர்த்தி எழும்பி, வாசற்பக்கம் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருக்கும் ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல, "வாறான்!" என்பார். நான் அடுத்த பெயருக்குப் போவேன். பதினைந்து கூட்டங்களில் பதினைந்து தடவை.

2004 மார்கழியில் பெய்த மழையில் வாய்க்காலின் மேற்குக் கரை உடைந்தது. அடைப்பதற்கு ஏறாவூரில் இருந்து உசனார் தன் உழவு மெசினோடு வந்தார். பத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு ஐம்பதுக்கு அவர் மெசினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்.

"விதானையார், ஒருக்கா வாங்க. இதுக்குள்ள மனிசர் இரிக்காங்க."

நான்கடி இரண்டங்குல ஆழத்தில் கிடந்தார்கள். நான் படம் வரைந்து அளவெடுத்தேன். பத்துத் தலைகள் குழியில் இருந்தன. ஒன்று மட்டும் வெள்ளம் உருட்டி வாய்க்காலுக்குள் கிடந்தது. சில சிறிய தலைகள். எங்கள் ஊரில் எலும்பு கண்டால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான், அதை யாரும் வாய் விட்டுக் கேட்பதில்லை. யாருக்கு அறிவிப்பது என்பதும் சிக்கல். அந்த நாளில் வாவியின் இந்தக் கரையில் இயக்கத்தின் ஆட்சி, அந்தக் கரையில் ஆமியின் ஆட்சி. ஆகவே ஊர் தன்னால் இயன்றதைச் செய்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். வாய்க்கரிசி போடப் பச்சை அரிசி கொண்டுவந்தார்கள். அதில் சண்டை வந்தது.

எங்கள் மாவட்டத்தில் ஒருவர் தாயின் குடியைச் சேர்ந்தவர். கோயிலில் யார் முன்னே நிற்பது, பிணத்துக்கு யார் என்ன செய்வது எல்லாம் குடியைக் கேட்டுத்தான்.

"குடி தெரியாம ஆர் அரிசி போடுற? மறுகா பிழை வந்தா?" என்றார் ஒருவர்.

"எங்களுக்கும் குடி இரிக்கி," என்றார் உசனார். "ஆனா மண்ணுக்குள்ள இரிக்கிறவங்க எல்லாரும் ஆதத்துட புள்ளையள்தான். மூடிப்போட்டு வாங்க."

வினாயகமூர்த்தி வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "தண்ணி முறைப்படி போடுவம். முதல் பேருக்கு முதலாம் தலை. அண்ணன், வாசியுங்க."

நான் பட்டியலை வாசித்தேன். மூவர் தொடாமல் மேலிருந்து தூவினார்கள். மற்றவர்கள் தொட்டுப் போட்டார்கள். ஏழாவது பெயர் ஜெயந்தன். அவனுக்குப் பதிலாக வினாயகமூர்த்தி போனார். ஏழாம் இலக்கம், வாய்க்காலில் கிடந்த அந்தத் தலை. அவர் குனிந்தார், அரிசியைப் போடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன், இஞ்ச வாங்க. இந்தப் பல்லைப் பாருங்க."

மேல்வாய் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. அளந்தேன், மூன்று மில்லிமீற்றர்.

"ஜெயந்தனுக்கு இப்படி இருந்ததா?"

"இருந்தது. அதுக்குள்ளால தண்ணி பீச்சுவான். பள்ளிக்கூடத்தில மாஸ்டருக்கே பீச்சினவன்."

பிறகு அவர் அரிசியைப் போட்டார். உசனார் கையில் ஷொப்பிங் பையை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பதினொரு உரச் சாக்குகளில் எடுத்துவைத்தார். நான் சாக்குகளுக்கு இலக்கம் எழுதி, என் நீர்மட்டக் கொட்டிலில் அடுக்கினேன்.

அடுத்த ஞாயிறு கடல் வந்தது.

எங்கள் கரைக்குத் தண்ணீர் வரவில்லை. செய்தி பத்து நாற்பதுக்கு வந்தது. பதினொன்றேகாலுக்கு வினாயகமூர்த்தி ஒன்பது உழவு மெசின்களில் அரிசியும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். உசனாரும் அவரும் ஐந்து நாள் அங்கேயே நின்று குழி வெட்டினார்கள். திரும்பி வந்தபோது அவர் வாயில் வெற்றிலை இல்லை. நான் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"அங்க ஆரும் எண்ணேல்ல அண்ணன். பேரும் கேக்கேல்ல. தாட்டம், அவ்வளவுதான்." பிறகு என் கொட்டிலைப் பார்த்தார். "உங்களிட்ட கிடக்கிற பதினொண்டையாவது ஒழுங்கா எழுதி ஆருக்கும் அனுப்புங்க."

03.01.2005 அன்று ஒரு பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பகுதிக்கு எழுதினேன். படமும் அளவுகளும் இணைத்தேன். அவ்வளவு அளவுகளை யாரும் இதுவரை அனுப்பியதில்லை என்று முதல் பதில் வந்தது. எழுதியவர் மேனுகா, அங்கே விரிவுரையாளர். தாயின் ஊர் தன்னாமுனை. 20.02.2005 அன்று நேரில் வந்தார். வயது முப்பத்தொன்று. ஊர் அவரை மிஸ் என்று அழைத்தது.

அவர் சாக்குகளை விரித்து இரண்டு நாள் பார்த்தார். மூன்று பெண்கள், ஆறு பிள்ளைகள், ஒரு வயதான ஆண். ஏழாம் தலையை மட்டும் தனியே வைத்தார். குழியின் மண்ணில் இருந்து கருப்பும் சிவப்புமான சட்டி ஓடுகளும் ஓர் அரைகல்லும் எடுத்தார். தலைகளில் பின்பக்கம் அடி.

ஒரு தாடையில் இருந்து சின்ன இடுக்கியால் ஏதோ எடுத்த மேனுகாவின் முகம் திடீரென்று மலர்ந்தது. "ஐயா! அரிசி! பல்லுக்குள்ள அரிசி!"

நான் புத்தகத்தைத் திறந்தேன். "பச்சை அரிசி. போட்டது 19.12.2004, காலை பத்து ஐந்துக்கு."

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். "நல்ல வேளை. இல்லாட்டி நாட்டில மிகப் பழைய அரிசி எண்டு நான் பேப்பருக்குக் குடுத்திருப்பன்."

பிறகு எல்லோரையும் இருத்திச் சொன்னார். ஓட்டைப் பார்த்தால் இரண்டாயிரத்து எழுநூறு வருடமாவது இருக்கும், நெல் விதைத்த ஆட்கள், ஒரே நாளில் கொல்லப்பட்டவர்கள்.

"அப்ப ஆமி இல்லையா?" என்று உசனார் கேட்டார்.

"இல்ல, காக்கா," என்றார் மேனுகா, ஏறாவூரில் அண்ணனை அழைப்பதுபோல.

"இயக்கம்?"

"அதும் இல்ல."

"அப்ப ஆர்தான் வெட்டின?"

"ஆர் வெட்டினதெண்டு கேளாதீங்க," என்றார் வினாயகமூர்த்தி. "விதானை ஆரெண்டு கேளுங்க. இது தண்ணிச் சண்டை. பதினொரு பேர் சாகுமட்டும் அந்த மனிசன் என்ன செய்தான்? எங்க போயிருந்தான்?"

மேனுகா சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட குழிகள் உலகத்தின் வேறு இடங்களிலும் உண்டு என்றார். விவசாயம் தொடங்கிய ஆட்கள், ஒரு குடியிருப்பே ஒரு நாளில் முடிந்துபோயிருக்கும். வெட்டியவர் அந்நியரா அயலவரா, புதைத்தவர் பகைவரா சொந்தக்காரரா என்று எலும்பைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. பல்லுக்குள் மிஞ்சியிருக்கும் மரபணுவைப் பார்த்தால் யார் யாருக்கு உறவு என்று தெரியும். அவர் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றோடு சேர்ந்து அதைத்தான் செய்கிறார்.

டி.என்.ஏ. என்றால் என்னவென்று யாரும் கேட்கவில்லை. கடல் கொண்டுபோய் மீண்ட ஒரு கைக்குழந்தையின் தாய் யாரென்று கல்முனையில் அந்த மாதம்தான் அதை வைத்துக் கண்டுபிடித்திருந்தார்கள்.

"ஒண்டு மட்டும் விளங்கோணும்," என்றார் மேனுகா. "இவ்வளவு பழைய பல்லில தகப்பன்ட பக்கம் கிடைக்காது. தாய், தாய்ட தாய், அவட தாய், அந்த வழி மட்டுந்தான் தெரியும்." ஆச்சரியத்துக்காகச் சற்றுக் காத்திருந்தார். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

"குடி எண்டு சொல்லுங்க, மிஸ்," என்றார் வினாயகமூர்த்தி. "அதுக்கா வெளிநாட்டுக்கு அனுப்புறீங்க?"

மேனுகா தன் குறிப்புப் புத்தகத்தில் குடி என்று எழுதி அடிக்கோடிட்டார்.

ஏழாம் தலையை ஏன் தனியே வைத்தார் என்று வினாயகமூர்த்தி கேட்டார். அது வாய்க்காலுக்குள் கிடந்தது, வெள்ளம் மண்ணைக் கலக்கிவிட்டது, குழியைச் சேர்ந்ததா பிந்தியதா என்று இப்போது சொல்ல ஏலாது என்றார் மேனுகா.

"அப்ப மற்றப் பத்தும் உங்கட பாடு. ஏழாம் நம்பர் என்ட தம்பியா இல்லையா, எனக்கு அது ஒண்டைச் சொல்லுங்க. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளையள். உங்கட பரிசோதனை அதுக்குத்தானே நல்லது?"

"நல்லதுதான். ஆனா உங்கட எச்சிலும் வேணும்."

எலும்பைத் தொட்ட எல்லோருடைய எச்சிலும் வேண்டும், எங்கள் கையில் இருந்து ஒட்டியதைப் பிரித்தறிய என்றார். யார் தொட்டார்கள் என்பதற்கு என்னிடம் பட்டியல் இருந்தது. பெயர், தலை இலக்கம், வலக்கையா இடக்கையா, நேரம் என்று நான்கு நிரல். உசனாரோடு சேர்த்து ஒன்பது பேர். நான் தொடவில்லை; எழுதிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு பட்டியலை எங்கும் கண்டதில்லை என்று மேனுகா சொன்னார். எனக்கு அதில் மிகவும் பெருமை. அந்தப் பெருமை மூன்று வருடம், எட்டு மாதம், பதினெட்டு நாள் நீடித்தது.

ஆறு பற்களைக் கழற்றிக்கொண்டு அவர் போனார். மிகுதியை மருத மரத்தடி மேட்டில் தாட்டோம்.

2005 கூட்டத்தில் நான் "ஜெயந்தன்" என்று வாசித்தேன். வினாயகமூர்த்தி எழும்பி, "பாப்பம்," என்றார். 2006இலும் "பாப்பம்."

பிறகு சண்டை திரும்ப வந்தது. 24.03.2007 அன்று வட்டை முழுவதும் வாவியைத் தாண்டி இடம்பெயர்ந்தது. ஆட்கள் பாயும் சட்டியும் எடுத்தார்கள். நான் மழைப் புத்தகங்களை ஒரு பெட்டியில் எடுத்தேன். பெட்டியின் மறுபக்கத்தை வினாயகமூர்த்தி தூக்கினார்.

"இதுக்குள்ள என்ன அண்ணன், மழையா? இவ்வளவு பாரம்!"

வழியில் ஒரு கிடங்கில் பெட்டி விழுந்து ஐந்து புத்தகங்கள் நனைந்தன. தன்னாமுனையில் முகாம். சேர்ந்த அன்றே எல்லோருக்கும் புதிய முகவரி எழுதிப் போட்டேன். அதனால்தான் இரண்டாவது கடிதம் 02.05.2007 அன்று கூடாரத்துக்கே வந்தது. மேனுகா எழுதியிருந்தார்: ஏழாம் இலக்கப் பல்லில் கிடைத்த தாய்வழி, வினாயகமூர்த்தியின் தாய்வழியோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் பரிசோதனையை மறுபடி செய்யாமல் உறுதி சொல்ல முடியாது.

நான் முழுவதையும் வாசித்தேன். ஆனால் என்ற சொல்லைச் சற்று உரக்கவே வாசித்தேன். யாருக்கும் கேட்கவில்லை.

வினாயகமூர்த்தி அழவில்லை. முகாம் பைப்படியில் போய் முகம் கழுவிவிட்டு வந்து, பதினேழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பியைப் பற்றி ஒரு மணி நேரம் கதைத்தார். பல்லுக்குள்ளால் தண்ணீர் பீச்சியது, மாட்டு வண்டிலில் உறங்கி வேறு ஊருக்குப் போனது, எல்லாம். அவருடைய மனைவி ஆச்சிப்பிள்ளை அவரை அவ்வளவு இலேசாகக் கண்டதில்லை என்று என்னிடம் சொன்னார். 12.08.2007, ஆடி அமாவாசை. அமிர்தகழியில் மாமாங்கத் தீர்த்தத்தில் இறங்கித் தம்பிக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்த அந்த வருடக் கூட்டத்தில் நான் வாசிக்கத் தொடங்கும் முன்பே எழும்பினார்.

"ஏழாவது பேரை வெட்டுங்க அண்ணன்."

நான் பென்சிலால் மட்டும் ஒரு கோடு போட்டேன். மரணச் சான்றிதழ் இல்லை, கடிதத்தில் 'ஆனால்' இருந்தது. ஆகவே பக்கத்தில் ஆதாரம் என்ற நிரலை வெறுமையாக விட்டேன். அடுத்த வருடமும் அந்தப் பெயரை வாசிக்காமல் ஆறில் இருந்து எட்டுக்குப் போனேன்.

08.11.2008 அன்று, நனைந்த புத்தகங்களைப் புதுப்பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். 2004 மார்கழி பத்தொன்பது. மழை: இல்லை. பக்கத்தில், குறிப்பு என்ற நிரலில், என் கையெழுத்து: "10.20, விதானை ஏழாம் தலையின் முன்பல்லை எச்சில் தொட்டுத் துடைத்தார். 10.22, மறுபடியும்."

மேனுகாவுக்குக் கொடுத்த பட்டியலில் இது இல்லை. அதில் கை என்ற நிரல் இருந்தது. எச்சில் என்ற நிரல் இல்லை. பிழை என்னுடையது.

அன்று பின்னேரமே மடையடிக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அப்ப பல்லில இருந்தது என்ட எச்சிலா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மிஸ்ஸுக்கு எழுதினால் பல்லின் வேரை உடைத்து உள்ளே பார்ப்பார்கள்."

"பல்லு ஊத்தையா இருந்தது. இடைவெளி வடிவாத் தெரியல்ல. தொட்டுத் துடைச்சன். அது ஒரு குற்றமா?"

"குற்றம் இல்லை. பதிவு."

"உங்கட பதிவு!" என்றார். "ஒரு மனிசன் துப்பினதையும் எழுதுவீங்களா? நான் தும்மினது எந்தப் பக்கத்தில கிடக்கு?"

தும்மியதும் அதே பக்கத்தில்தான் இருந்தது, ஒன்பது நாற்பதுக்கு. நான் அதைச் சொல்லவில்லை. கடிதத்தை எழுதி முடித்தேன், அனுப்பவில்லை. அவர் தம்பிக்காக எழுதுகிற கடிதம். அவர் ஓம் சொல்லாமல் அதைத் தபாலில் போட எனக்கு உரிமை இல்லை.

அவர் என்னோடு நாற்பத்தொரு நாள் பேசவில்லை. கண்டால் வாய்க்காலின் மறுகரைக்குப் போவார். ஆச்சிப்பிள்ளை இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து, "அந்த மனிசன் சோத்தைப் பிசைஞ்சுபோட்டு இருக்குது, ஐயா," என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பத்தோராம் நாள், 19.12.2008, வினாயகமூர்த்தி என் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணன், அனுப்புங்க."

"யோசித்துத்தான் சொல்கிறீரா?"

"யோசிச்சுத்தான். ஒரு நாளும் ஒருத்தன்ட தண்ணிய நான் மற்றவனுக்கு விட்டதில்ல. இந்தத் தலை ஆர்ரதோ தெரியாது. அதுட பேரை எடுத்துப்போட்டு என்ட தம்பிட பேரைக் குடுத்துட்டன். அதுக்கும் ஆக்கள் இருந்திருப்பாங்கதானே?" திரும்பிப் போகக் கிறுகினவர் மறுபடி நின்றார். "கூட்டத்தில ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில நீங்க மூச்செடுக்கிறீங்க. அது எனக்குக் கேக்குது."

மறுநாள் தபாலில் போட்டேன். பதினான்காவது கடிதம்.

19.05.2009. யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. வினாயகமூர்த்தி அன்று காலை ஆறு பத்துக்கு மடை திறந்தார். வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றதால் முதல் வயலுக்கு ஆறு நிமிடத் தண்ணீர் கூடப் போனது. அவருடைய கணக்கில் நான் கண்ட ஒரே பிழை அது. ஆடி அமாவாசைக்கு மறுபடியும் அமிர்தகழிக்குப் போனார். நானும் போனேன். தீர்த்தக்கரையில் இருந்த ஐயர் வழக்கம்போலக் கேட்டார்.

"பேர்?"

"ஏழாம் நம்பர்."

"என்ன?"

"அவ்வளவுதான் இப்ப தெரியும், ஐயா. பேர் வரும். கடிதம் போட்டிருக்கம்."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் எள்ளும் தண்ணீரும் இறைப்பித்தார்.

மூன்றாவது கடிதம் வந்தது. அதை வயல் காவல் கொட்டிலான வாடியில் வைத்து வாசித்தேன். வினாயகமூர்த்தி, ஆச்சிப்பிள்ளை, உழவுக்கு வந்திருந்த உசனார், மூவரும் கேட்டார்கள். மேனுகா முதலில் என் பதினான்காவது கடிதத்துக்கு நன்றி சொல்லியிருந்தார். பிறகு விடயம்: பல்லின் வெளிப்பக்கத்தில் இருந்தது வினாயகமூர்த்தியின் எச்சில்தான். வேரின் உள்ளே வேறு தாய்வழி. பல்லின் வயது ஏறத்தாழ இரண்டாயிரத்து எழுநூறு வருடம். தலையின் அளவுகளைத் திரும்ப ஆராய்ந்ததில் அது ஒரு பெண்ணின் தலை, வயது இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் இடையில்.

வினாயகமூர்த்தி தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆச்சிப்பிள்ளைதான் முதலில் பேசினார். "மூண்டு அமாவாசைக்கு ஒருத்திக்கு எள்ளுந் தண்ணியும் இறைச்சிருக்கீங்க. என்னை ஒரு நாள் மாமாங்கத் திருவிழாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னா மாடு கட்டேல்ல எண்டுவீங்க."

"எனக்கென்ன தெரியும் கா, அது பொம்பிளை எண்டு?"

"பல்லைத் தடவக்குள்ள தெரியல்லையாக்கும்," என்றார் உசனார்.

வினாயகமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் கண்ணீரும் வந்தது. துடைத்துக்கொண்டு, "மிச்சத்தை வாசியுங்க," என்றார்.

மிச்சம் இது. ஆறு பற்களில் மூன்றுதான் பேசின. மற்றவற்றில் இருந்ததை எங்கள் வெக்கை தின்றுவிட்டது. அவை ஏழாம், எட்டாம், மூன்றாம் இலக்கத் தலைகளின் பற்கள். மூவரும் ஒரே தாய்வழி. இந்த இடத்தில் மேனுகா அடைப்புக்குறி போட்டு "ஒரே குடி" என்று எழுதியிருந்தார். என் படத்தில் எட்டாம் இலக்கப் பிள்ளைக்குப் பக்கத்தில் தலையில்லாத ஓர் உடல் வரையப்பட்டிருக்கிறது, கை பிள்ளையின் மேல். ஏழாம் தலை அந்த உடலுடையது. தாயும் பிள்ளையுமாக இருக்க வேண்டும். மூன்றாம் இலக்கம் ஒரு சிறுமி, அவர்களுக்கு மறுபக்கம் கிடந்தவள். கொன்றவர்களுக்கு யார் யாருடைய பிள்ளை என்று தெரியாது, தெரிந்தாலும் இப்படிப் பார்த்துக் கிடத்தமாட்டார்கள். குழியில் வாலிப ஆண்கள் ஒருவரும் இல்லை. அன்று வெளியே போயிருந்தவர்கள் திரும்பி வந்து, இன்னாருக்குப் பக்கத்தில் இன்னார் என்று அறிந்து புதைத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. மூன்று பற்களை வைத்து இதற்கு மேல் சொல்லக்கூடாது என்று முடித்திருந்தார். எனக்கு அந்தக் கடைசி வசனம் பிடித்தது.

"அப்ப அவங்கட விதானை வந்து சேர்ந்திட்டான்," என்றார் வினாயகமூர்த்தி. "பிந்தித்தான் வந்திருக்கான். ஆனா முறை பிழையாமப் படுக்க வச்சிருக்கான். நான் அவனைப் பேசினது பிழை."

"தம்பிட விசயம்?" என்று உசனார் மெதுவாகக் கேட்டார்.

வினாயகமூர்த்தி வெற்றிலைப் பையை எடுத்தார். பாக்கை வெட்டினார், சுண்ணாம்பு தடவினார், வாயில் போட்டார். நான் வழக்கப்படி கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் மென்று துப்பினார். பதினொரு நிமிடம் இருபது வினாடி.

"அவளுக்கு ஆக்கள் வந்து சேர்ந்திட்டாங்க. என்ட ஆள் இன்னும் வரல்ல. அவ்வளவுதான்," என்றார். பிறகு ஆச்சிப்பிள்ளையைப் பார்த்து, "ஆனா அவளுக்கு இறைச்ச எள்ளுத் தண்ணிய நான் திருப்பிக் கேக்க மாட்டன். பிள்ளைக்காரி."

11.10.2009, பெரும்போகக் கூட்டம். விடயம் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. பின்வரிசை வாங்கில் இருந்து ஒருவர், "விதானை, பல்லு விளக்கிறதெண்டா எங்களையும் கூப்பிடுங்க!" என்று கத்தினார். வினாயகமூர்த்தி, "உன்ட முறை முப்பத்தியாறு, இரு மனே," என்றார். சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் சென்றது. பிறகு நான் பெயர்களை வாசித்தேன். ஆறாவது பெயருக்கு ஓம் வந்தது. மூச்செடுக்கவில்லை.

"ஜெயந்தன்."

வினாயகமூர்த்தி எழும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மண்டபத்தின் வாசலை ஒருமுறை பார்த்தார்.

"வாறான்!"

நான் இறப்பரால் பென்சில் கோட்டை அழித்தேன். ஆதாரம் என்ற நிரல் இரண்டு வருடமாக வெறுமையாகக் கிடந்தது. அதில் மையால் எழுதினேன்: மூன்றாம் கடிதம், கிடைத்தது 06.10.2009.